எல்லாக் கவனிப்பும் தவிர்க்கக் கோரப்படுகிறது

வியாழன்தோறும் வீடு வீடாக வந்து விழும் உள்ளூர்ப் பத்திரிகையில், பழைய டிராக்டர் விற்பனைக்கும் காணாமல் போன பூனைக்கும் நடுவில், ஒரு சின்னக் கட்டத்துக்குள் அந்த அறிவிப்பு வந்திருந்தது. "சனிக்கிழமை எங்கள் பொன் மணநாள். எல்லாக் கவனிப்பும் அன்புடன் தவிர்க்கக் கோரப்படுகிறது. ஹெர்டிஸ், லாவ்ரிட்ஸ், லூண்டேரூப்."

ஹெர்டிஸ் சமையலறையில் நின்றபடியே அதைப் படித்தாள். எழுத்துப் பிழை இல்லை. இனி அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பத்திரிகையை உருளைக்கிழங்குத் தோல் போடுவதற்காக மேசையில் விரித்தாள்.

தவிர்க்கக் கோரப்படுகிறது என்று நீட்டி முழக்குவதை டேனிஷ் மொழி ஒரே வினைச்சொல்லில் முடித்துவிடும்: ஃப்ராபேதெஸ். அதை வாயால் யாரும் சொல்வதில்லை. காபி ஊற்ற வருகிறவளிடம் "போதும்மா" என்பார்கள், "வேண்டாம், நன்றி" என்பார்கள். ஃப்ராபேதெஸ் அச்சில் மட்டும் உயிர் வாழ்கிறது. கோட்டும் டையும் மாட்டிக்கொண்ட "வேண்டாம்" அது. சாவு அறிவிப்பில் மலர்வளையம் வேண்டாம் என்று சொல்ல வரும். அறுபது, எழுபது வயது நிறையும்போது, வாழ்த்தும் பரிசும் வேண்டாம் என்று வரும். இருபத்தைந்தாம் ஆண்டு வெள்ளி மணநாள், ஐம்பதாம் ஆண்டுப் பொன் மணநாளுக்கு முந்தின வாரம் வரும். அந்த நாட்களில் அக்கம்பக்கத்தார் உங்கள் வாசலுக்கு ஊசியிலைத் தோரணம் கட்டுவார்கள். விடிகாலையில் சன்னலுக்குக் கீழே நின்று பாடி உங்களைப் படுக்கையிலிருந்து கிளப்புவார்கள். அப்புறம் உள்ளே வந்து உங்கள் காபியையும், வெண்ணெய் தடவிய பன்னையும், கசப்புச் சாராயத்தையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போவார்கள். இதிலிருந்து தப்பிக்க ஒரு மனுஷனுக்கு இருக்கும் ஒரே வழி அந்தச் சொல்தான்.

லூண்டேரூப் கிராமத்தில் அந்த வழியையும் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. அடைத்தவர் வேறு யாருமில்லை, ஹெர்டிஸின் கணவர் லாவ்ரிட்ஸ்தான்.

கூட்டுறவுப் பால்பண்ணையில் வேலை பார்த்த லாவ்ரிட்ஸ், ஊர் வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதினார். குழு கலைந்த பிறகும் ஊதினார். யாருக்கு அறுபது, யாருக்கு வெள்ளி மணநாள் என்பது அவருக்குத் தெரியாமல் போனதே இல்லை. பத்திரிகையில் ஃப்ராபேதெஸ் வந்துவிட்டால் மற்ற ஊர்களில் ஒரு வாழ்த்து அட்டையைத் தபாலில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். லாவ்ரிட்ஸுக்கு அதுதான் அழைப்பிதழ். "அச்சுல வேண்டாம்னு போட்டா, அடுப்புல பன் வேகுதுன்னு அர்த்தம்" என்பார். கோழி கூவுவதற்கு முன்னால் பத்துப் பதினைந்து பேரைத் திரட்டிக்கொண்டு போய் நிற்பார்.

வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாகவும் இருந்தது. வேண்டாம் என்று அறிவித்த வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியும் ஃப்ரீசர் நிறைய பன் சுட்டு ஒளித்து வைத்திருந்தாள். இப்படியே வருஷக்கணக்கில் போய், லூண்டேரூப்பில் அந்தச் சொல்லின் கோட்டும் டையும் கழன்று விழுந்தன. "வாங்க வாங்க" என்பதற்கு இன்னொரு பெயராக அது ஆகிவிட்டது.

இப்போதுதான் ஹெர்டிஸுக்கு அந்தச் சொல் உண்மையாகவே தேவைப்பட்டது.

போன இலையுதிர் காலத்தில் லாவ்ரிட்ஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சு மொத்தமும் போயிற்று. ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "ஆமா." பசிக்கும் ஆமா, வலிக்கும் ஆமா, கோபத்துக்கும் ஆமா. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் "வேண்டாம்" காதில் ஏறாத மனிதருக்கு அந்தச் சொல்லே வாயிலிருந்து உதிர்ந்துவிட்டது. பாட்டுக் கேட்டால் அழுவார். வாய் கோணி, எச்சில் வழிய, நிறுத்தத் தெரியாமல் அழுவார். அது துக்கம் இல்லை, மூளையில் எங்கோ ஒரு பிடி தளர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஹெர்டிஸ் வானொலியை எடுத்துப் பரணில் வைத்துவிட்டாள்.

காலையில் அவரைத் தூக்கி உட்கார வைப்பது, பொத்தான் போடுவது, இறைச்சியைத் துண்டு துண்டாக நறுக்குவது, இரவில் மூன்று முறை எழுவது. அவளுக்கும் எழுபத்திரண்டு வயது. படுத்து எழுந்தால் போகிற களைப்பாக அது இல்லை, எலும்புக்குள் குடியேறி வாடகை கேட்கிற களைப்பு. பன் சுட அவளிடம் கை இல்லை, சிரிக்க முகம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரையே எழுப்பிய மனிதர் வாசலில் இரவுச் சட்டையோடு நின்று வாய் கோணி அழுவதை அந்த ஊர் பார்க்கக் கூடாது. அவள் கேட்டது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் போனாள். கடைக்காரர் ப்ரேபன் அவளைக் கண்டதும் ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"பார்த்தேன், பார்த்தேன்."

"என்னத்தப் பார்த்த?"

"பத்திரிகையைத்தான். ஃப்ரா... பே... தெஸ்." ஒவ்வொரு எழுத்தையும் சப்புக் கொட்டிச் சொன்னார்.

"நிஜமாதான் ப்ரேபன். வேண்டாம்னா வேண்டாம்."

"ஆமாமா. எங்கம்மாவும் அப்படித்தான் போட்டாங்க. லாவ்ரிட்ஸ் வந்து ஊதினப்ப ட்ரேயோட வாசல்ல நிக்கிறாங்க. தலை சீவி, உதட்டுச் சாயம் பூசி, மேல மட்டும் நைட்டி!" அடுக்கிலிருந்து ஈஸ்ட் பொட்டலங்களை எடுத்து மேசையில் வைத்தார். "எத்தனை வேணும்?"

"ஈஸ்ட் வேணாம். பாலும் உருளைக்கிழங்கும் குடு."

"ஈஸ்ட் வேணாமா!" வரிசையில் பின்னால் நின்றவரிடம் திரும்பினார். "பாருங்க, ஸ்கீவ் டவுனுக்குப் போய் வாங்கிட்டு வந்துட்டாங்க. நமக்குத் தெரியக் கூடாதாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஹெர்டிஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சிரிப்பு அடங்கும் வரை பொறுத்துச் சொன்னாள்: "லாவ்ரிட்ஸுக்கு முடியல, ப்ரேபன்."

ப்ரேபனின் முகம் மாறிவிட்டது. நல்ல மனிதர்தான். மேசையைச் சுற்றி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியும். அதுக்குத்தானே நாங்க வரணும்? அவரால ஊத முடியாட்டி என்ன, நாங்க பாடறோம். அவர் எங்களுக்கு எத்தனை தடவை வந்திருக்கார்!"

கிண்டலுக்குப் பதில் சொல்லிவிடலாம். இந்த அன்புக்கு என்ன பதில் சொல்வது? வெளியே வந்தபோது, ஊசியிலைக் கிளைகளைக் குவித்த ஒரு டிரெய்லர் அவளைக் கடந்து அவள் தெருப் பக்கமே போயிற்று. ஓட்டியவன் அவளைப் பார்த்ததும், ஏதோ திருட்டுச் சாமான் ஏற்றியவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரே ஓர் ஆள்தான் பாக்கி. எதிர்வீட்டு குன்வோர். மிக அருகில் இருக்கும் வீட்டுக்காரர்தான் மற்றவர்களைக் கூட்டித் தோரணம் கட்ட வேண்டும் என்பது வழக்கம். அவர் கூப்பிட்டால் எல்லாரும் வருவார்கள், அவர் நிறுத்தினால் நிற்பார்கள். ஆனால் குன்வோரிடம் போய் நிற்பது ஹெர்டிஸுக்கு அவ்வளவு எளிதில்லை. பத்து வருஷமாக அவர்கள் இரண்டு பேரும் வேலிக்கு மேலாக மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

குன்வோர் கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"தோரணத்தைப் பார்க்க வந்தியா? மணப்பொண்ணு பார்க்கக் கூடாது. சாயந்தரம் என் ஷெட்ல கட்டறாங்க. போ."

"அதை நிறுத்தச் சொல்லத்தான் வந்தேன்."

"ஓகோ."

"பத்திரிகையில போட்டிருக்கேன், குன்வோர்."

"படிச்சேன்." குன்வோர் கதவுநிலையில் சாய்ந்துகொண்டாள். "நானும்தான் போட்டேன், என் அறுபதுக்கு. அதே பத்திரிகை, அதே வார்த்தை. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"என் புருஷன் வில்லி என்னை விட்டுட்டுப் போய் ஒரு வாரம்கூட ஆகல. ஊருக்குத் தெரியாது. தெரியாம இருக்கட்டும்னுதான் போட்டேன். உன் புருஷன் வந்து என் சன்னலுக்குக் கீழ நின்னு ஊதினான். பின்னாலயே நீ, பாட்டுப் புஸ்தகக் கூடையைத் தூக்கிட்டு. நைட்டி மேல கோட்டைப் போட்டுட்டு வந்து கதவைத் திறந்தேன். கண்ணு ரெண்டும் வீங்கிக் கிடக்கு. எவனோ கேக்கறான், 'வில்லி எங்க, இன்னும் தூங்கறானா?'ன்னு."

ஹெர்டிஸுக்கு எல்லாம் நினைவிருந்தது. அன்று அந்த வீட்டில் பன் இல்லை. டப்பாவிலிருந்து நமத்துப்போன பிஸ்கட்டை எடுத்து குன்வோர் ஒவ்வொருவருக்கும் தட்டில் வைத்தாள். ஹெர்டிஸும் ஒன்றைத் தின்றாள்.

"நான் அன்னிக்கு அவரைத் தடுத்திருக்கணும்" என்றாள்.

"தடுத்திருக்கணும்."

ஹெர்டிஸ் அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். பால் புட்டி கல்லில் இடித்தது.

"எனக்கு முடியல, குன்வோர். நான் சொன்னா கண்ணடிக்கறாங்க. எவ்வளவு சொல்றேனோ அவ்வளவு சிரிக்கறாங்க. பாட்டுக் கேட்டா அவர் அழுவார். அதை அவங்க பார்க்க வேணாம். நீ சொன்னா கேப்பாங்க."

குன்வோர் கதவுநிலையை விட்டு நிமிர்ந்தாள்.

"அவன் என்ன சொல்றான்?"

"யாரு?"

"உன் புருஷன். அவனுக்கும்தானே மணநாள்?"

"அவர் ஆமான்னு மட்டும்தான் சொல்வார். வலிக்குதான்னாலும் ஆமா, வலிக்கலையான்னாலும் ஆமா. கேட்டு என்ன பண்ண?"

"கேட்டியா?"

ஹெர்டிஸ் பால் புட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"தலையாட்டத் தெரியாதா அவனுக்கு?" என்றாள் குன்வோர். "சரி, எந்திரி. நாளைக்குக் காலையில தெரு முனையில நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன். எவன் தாண்டி வர்றான்னு பார்த்துடறேன். இந்த ஊர்ல ஒரு தடவையாவது அந்த வார்த்தைக்கு அதோட அர்த்தம் இருந்துட்டுப் போகட்டும்."

அன்று சாயந்தரம் டிரெய்லர் குன்வோர் வீட்டு ஷெட்டிலிருந்து கிளைகளோடு அப்படியே திரும்பிப் போயிற்று. லாவ்ரிட்ஸ் சமையலறைச் சன்னலோரம் தன் நாற்காலியில் இருந்தார். டிரெய்லர் வளைவில் மறையும் வரை அவர் தலை அதோடு கூடவே திரும்பியது. பிறகு இடது கையை நீட்டி நடையைக் காட்டினார்.

"ஆமா?"

நடையில் கோட்டு மாட்டும் அலமாரி இருந்தது. அதன் மேல்தட்டில் கொடி இருந்தது. அந்த நாட்டில் முக்கால்வாசி வீட்டுத் தோட்டங்களில் கொடிக்கம்பம் உண்டு. உச்சியில் கொடி பறந்தால் வீட்டில் விசேஷம், பாதியில் நின்றால் சாவு. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைகூட அதைப் படித்துவிடும். பொன் மணநாளன்று கொடி ஏற்றினால் பத்திரிகையில் போட்டதற்கு அர்த்தமே இல்லை. அதனால் ஏற்றுவதில்லை என்று ஹெர்டிஸ் முன்பே முடிவு செய்திருந்தாள்.

"என்ன, கதவைச் சாத்தணுமா?"

"ஆமா."

சாத்தினாள். அவர் மேசையில் குத்தினார். "ஆமா! ஆமா!"

"காத்து வருதில்ல, சாத்திட்டேன். அப்புறம் என்ன?"

அவளுக்கு ஏதோ ஒன்று புரிந்துதான் இருந்தது. புரிந்ததைப் புரியாததாக வைத்துக்கொள்ளவும் கொஞ்சம் தெம்பு வேண்டும், அந்தத் தெம்பு மட்டும் அவளிடம் மிச்சம் இருந்தது. சூப்பைச் சூடு பண்ணி ஊட்டினாள். அவர் வாயைத் திறந்தார், விழுங்கினார், அவளைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அவள் தூங்கிப்போனாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினாள். தெரு முனையில் குன்வோர் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பே தலையணையாக இருந்திருக்க வேண்டும். கண் விழித்தபோது வெயில் சுவரில் பாதிவரை ஏறியிருந்தது. வெளியே சரளைக்கல்லில் காலடிச் சத்தம். ஒன்றிரண்டு இல்லை, நிறைய.

வந்துவிட்டார்கள். குன்வோர் சொல்லியும் வந்துவிட்டார்கள். ஹெர்டிஸுக்கு ஆத்திரத்தில் கண்ணீர் முட்டியது. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு பாட்டு தொடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

பாட்டு வரவில்லை. காலடிகள் நின்றன. யாரோ இருமினார், யாரோ அவரை அடக்கினார்கள். அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. திரும்பி அவரை எழுப்பக் கையை நீட்டினாள். படுக்கையில் லாவ்ரிட்ஸ் இல்லை.

இரவுச் சட்டையோடு போய் வாசல் கதவைத் திறந்தாள். தெருவே நின்றிருந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். ப்ரேபன் கடை ஏப்ரனோடு நின்றார். பாட்டில்கள் இருந்த பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார். ஒருவர்கூடக் கண்ணடிக்கவில்லை. குன்வோர் முன்னால் வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பத்து வருஷத்தில் முதல் தடவை.

"ராத்திரியா?" என்று கேட்டாள். "காலையிலயா?"

"என்ன ராத்திரியா?"

"நான் எல்லாரையும் திருப்பித்தான் அனுப்பினேன், ஹெர்டிஸ். சர்ச்சுக்கிட்ட கார்லயே உக்காந்திருந்தாங்க. அப்புறம் கொடியைப் பார்த்தோம். சாவுக்கு வராம இருக்க முடியுமா?"

எல்லோருடைய கண்ணும் போன இடத்துக்கு ஹெர்டிஸின் கண்ணும் போயிற்று. தோட்டத்து லைலாக் வேலிக்கு மேலே கம்பத்தின் மேல்பாதி தெரிந்தது. சிவப்பு வெள்ளைக் கொடி சரியாகப் பாதியில் நின்றது.

அவளும் நம்பிவிட்டாள். படுக்கை காலி, கொடி பாதியில். அப்படியானால் அவர் போய்விட்டார். நான் தூங்கிக்கொண்டிருந்தபோது போய்விட்டார். கேட்காமலே இருந்துவிட்டேன், இனிக் கேட்க முடியாது. அவள் நெஞ்சில் அப்போது இருந்தது அது ஒன்றுதான். போனவர் கொடியை எப்படி ஏற்றுவார் என்று யோசிக்க அவளுக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது.

குன்வோரின் கையை உதறிவிட்டு வெறுங்காலோடு வேலியைச் சுற்றி ஓடினாள்.

கம்பத்தடியில் லாவ்ரிட்ஸ் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பொத்தான்கள் மாறிப்போய் ஒரு பக்கக் காலர் காதைத் தொட்டது. கைத்தடி புல்லில் கிடந்தது. கயிற்றின் கொக்கிகளைப் பல்லால் கடித்து மாட்டியிருக்கிறார், உதட்டில் ரத்தம். இடது கையால் ஒரு முழம் இழுப்பது, இழுத்ததை நல்ல காலால் மிதித்துப் பிடிப்பது, மறுபடி ஒரு முழம் இழுப்பது, இப்படியே பாதிவரை ஏற்றியிருக்கிறார். அதற்கு மேல் தோள் கேட்கவில்லை. கொடி தரையைத் தொடக் கூடாது, அதனால் கீழேயும் விட மனமில்லை. கம்பத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, கால் நடுங்க நின்றிருந்தார்.

அவளைப் பார்த்ததும் கோபமாக "ஆமா!" என்றார்.

ஹெர்டிஸுக்கு அடி வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. "உனக்கு வேணுமா? அவங்க வரணுமா உனக்கு?"

அவர் தலையை ஆட்டினார். ஒரு தடவை இல்லை, மேலும் கீழுமாக ஏழெட்டு தடவை ஆட்டினார், முட்டாளுக்குச் சொல்கிற மாதிரி.

"நான் கேக்கல" என்றாள். "கேக்கவே இல்லை. நீ அழுவேன்னு பயந்தேன். என்னால முடியாதுன்னும் பயந்தேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும். அவர் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துக் கயிற்றைப் பிடித்தாள். இழுத்தார்கள். அவர் இழுத்ததில் பாதி வெறும் முனகல்தான், ஆனாலும் இழுத்தார். கொடி மெல்ல ஏறி, உச்சியில் போய் இடித்து, காற்றைப் பிடித்து விரிந்தது.

வேலிக்கு அப்பால் முதலில் கேட்டது குன்வோரின் குரல். "அடப் பாவி! உயிரோடதான் இருக்கானா?"

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள், யாரோ மூக்கைச் சிந்தினார்கள். எவரோ ஒருவர் உச்சஸ்தாயியில் பாட்டைத் தொடங்கினார். மற்றவர்கள் எட்டிப் பிடிக்க முடியாமல் ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள். எத்தனையோ வருஷம் டிரம்பெட் முன்னால் நின்று சுதி கொடுத்த ஊர். அது இல்லாமல் பாட்டு அக்கக்காகக் கழன்று வந்தது. பாடிக்கொண்டே வேலியைச் சுற்றி வந்தார்கள்.

லாவ்ரிட்ஸ் அழுதார். வாய் கோணி, எச்சில் வழிய, நிறுத்தாமல் அழுதார். ஹெர்டிஸ் அவர் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். பிறகு, கைக்குட்டை இல்லையே என்பதாலோ என்னவோ, விட்டுவிட்டாள். எல்லோரும் பார்த்தார்கள். ப்ரேபன் பார்த்தார், அவரும் அழுதார். அவருக்கு மூளையில் எந்தப் பிடியும் தளர்ந்திருக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் வழக்கமான அந்தத் தயக்கம் வந்தது. இப்போது வீட்டுக்காரி "உள்ளே வாங்க" என்று சொல்ல வேண்டும்.

"பன் இல்லை" என்றாள் ஹெர்டிஸ். "நிஜமாவே சுடல."

ப்ரேபன் வாயைப் பிளந்தார். "ஈஸ்ட்?"

"வாங்கல ப்ரேபன். சொன்னேனே."

"எங்கிட்ட இருக்கு" என்றாள் குன்வோர் வெடுக்கென்று. எதிர்வீட்டுக்கு நடந்து போய், ஃப்ரீசரிலிருந்து இரண்டு பெரிய பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்யாண வீட்டுக்குக் காணும் அளவுக்கு இருந்தது. ஹெர்டிஸின் அடுப்பை அவளே பற்றவைத்து, தட்டுகளில் அடுக்கினாள்.

சமையலறையில் இரண்டு பேர் மட்டும் நின்றபோது ஹெர்டிஸ் கேட்டாள்: "இவ்வளவு எதுக்கு சுட்டு வெச்சிருக்க?"

"அடுத்த மாசம் எனக்கு எழுபது."

"யாரையாவது கூப்பிட்டிருக்கியா?"

"பத்திரிகைக்குச் சொல்லியாச்சு."

"என்னன்னு?"

"வேற என்னன்னு? ஃப்ராபேதெஸ்னுதான்."

ஹெர்டிஸ் பன்னையும் பார்த்தாள், குன்வோரையும் பார்த்தாள். குன்வோர் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புக் கதவைச் சாத்தினாள். காது மடல் சிவந்திருந்தது.

"என்ன பாக்கற? வெண்ணெய எடு."

மதியம் தாண்டித்தான் கடைசி ஆள் போனார். லாவ்ரிட்ஸ் இடது கையால் இரண்டு பன் தின்றிருந்தார், டாக்டர் கூடாது என்ற கசப்புச் சாராயம் ஒரு மடக்குக் குடித்திருந்தார். சட்டைப் பொத்தான் இன்னும் மாறியே இருந்தது. அழுகையை யாரும் பேசவில்லை. நடுவில் மூன்று தடவை அழுதார், அவர் நிறுத்தும் வரை பேச்சை நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி தொடர்ந்தார்கள், ரயில் போகட்டும் என்று கேட்டில் நிற்கிறவர்கள் மாதிரி.

மேசை முழுக்கக் கோப்பைகள். கழுவ வேண்டும். ஹெர்டிஸ் கழுவவில்லை. அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதுகு வலித்தது, பாதத்தில் சரளைக்கல் கீறியிருந்தது. இந்தக் களைப்பு நாளைக்கும் இருக்கும், நாளை மறுநாளும் இருக்கும்.

"அடுத்த மாசம் குன்வோருக்கு எழுபது" என்றாள். "வேண்டாம்னு பத்திரிகையில போடறா. பன்னும் சுட்டு வெச்சிருந்தா. நாம போகணுமா?"

"ஆமா" என்றார் லாவ்ரிட்ஸ்.

அந்த ஆமாவை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தலையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் தலையை மேலும் கீழும் ஆட்டவில்லை, பக்கவாட்டிலும் ஆட்டவில்லை. யோசித்தார். பிறகு இடது கையைத் தூக்கி, சன்னல் வழியாக எதிர்வீட்டைக் காட்டினார். காட்டிவிட்டு, அதே விரலால் ஹெர்டிஸின் வாயைத் தொட்டார்.

அவளுக்குப் புரிந்தது. இந்தத் தடவை புரியாத மாதிரி வைத்துக்கொள்ளத் தெம்பில்லை.

"நாளைக்குப் போய்க் கேக்கறேன்" என்றாள். "இன்னிக்கு என்னால எந்திரிக்க முடியாது."

"ஆமா" என்றார் அவர்.